நாட்டு இறாலும் சிறுமீனும்: வீட்டுத் தொட்டியில் வளர்க்கத் தொடங்குவோருக்கு

குளக்கரையில் வேலம்பாசி அடர்ந்த இடத்தில் கைவலையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பாசிக்கு நடுவே கண்ணாடிச் சில்லுகள் போல ஏதோ துள்ளும். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான்; உள்ளே குடல் ஓடுவதுகூட வெளியிலிருந்து தெரியும். இதுதான் நம் குளம், வாய்க்கால், ஓடைகளில் காணும் நாட்டுச் சிற்றிறால். இதை வீட்டுத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பெருக்க முடியும். ஆனால் பலர் வீட்டில் இது ஒரு வாரத்துக்குள் செத்துப்போகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் மீனை விட்டு, பிறகு அதோடு இறாலைச் சேர்க்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தொட்டியை இறாலுக்காக அமையுங்கள், இறால் நிலைகொள்ளட்டும், மீன் கடைசியில் வரட்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

எந்த இறால்?

வலையில் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று காரிடினா. இது பாசியை மேய்ந்து வாழும், யாரையும் தாக்காது. மற்றது மாக்ரோபிராக்கியம். ஆற்று இறால்கள் இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை. குஞ்சாக இருக்கும்போது இதுவும் கண்ணாடி போலவே இருப்பதால் பார்த்தவுடன் வேறுபாடு தெரியாது. வளர்ந்த பின் இரவில் தூங்கும் சிறுமீனைப் பிடித்துத் தின்னும். நாட்டு இறால் வளர்த்தேன், மீன் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது என்பவர் தொட்டியில் இருப்பது அநேகமாக இதுதான்.

பிரித்தறிய, ஒரு தெளிவான கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு விட்டுப் பத்து நிமிடம் கையில் பூதக்கண்ணாடியோடு பாருங்கள். காரிடினாவின் முன்கால் இரண்டு ஜோடியும் குட்டையானவை. நுனியில் சிறு தூரிகை போல மயிர்க்கற்றை இருக்கும். அந்தக் கால்களால் நிற்காமல் எதையாவது துடைத்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கும். மாக்ரோபிராக்கியத்தின் இரண்டாவது ஜோடிக் கால் மெலிந்து நீண்டு, நுனியில் இடுக்கியோடு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். நீண்ட இடுக்கிக் கை தெரிந்தால் அதைத் தொட்டியில் சேர்க்காதீர்கள்.

தொட்டியும் பாகங்களும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். அதாவது 60 × 30 × 30 சென்டிமீட்டர். கணக்குக்கு 54 லிட்டர் கொள்ளும்; மணலும் மேலே விடும் இடைவெளியும் போக ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் நிற்கும். புதியவர்கள் பத்து லிட்டர் குடுவையில் தொடங்க ஆசைப்படுகிறார்கள். அதுதான் கடினம். தண்ணீர் குறைந்தால் வெப்பமும் கழிவும் வேகமாக ஏறும். பிழையைத் திருத்த நேரம் கிடைக்காது. உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டி நல்லது, ஏனெனில் காற்று தண்ணீரில் கலப்பது மேற்பரப்பில்தான்.

நிரப்பிய தொட்டி 60 கிலோவை எட்டும். ஆடாத மேசையில், அடியில் ஒரு தெர்மாகோல் தகடு விரித்து வையுங்கள். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்.

வடிகட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு ஏர் பம்பும் போதும். இறால் தொட்டிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை: குஞ்சு உறிஞ்சப்படாது, ஸ்பாஞ்சின் மேல் படியும் படலத்தையும் இறால் மேயும். மோட்டார் ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால் அதன் உறிஞ்சு வாயை நுண்துளை ஸ்பாஞ்சால் மூடிவிடுங்கள். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், முடியாவிட்டால் டியூபில் திரும்பா வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். மின்சாரம் போகும்போது தண்ணீர் டியூப் வழியே பின்வாங்கிப் பம்புக்குள் இறங்குவதை அது தடுக்கும்.

அடியில் இரண்டரை சென்டிமீட்டர் ஆற்றுமணல். கலங்கல் வராத வரை கழுவுங்கள். ஒரு கரண்டி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அது தண்ணீரைத் தொடர்ந்து கடினமாக்கும். வேறு மணல் எடுங்கள்.

செடிகள் இங்கே அழகுக்காக அல்ல. உணவு, மறைவிடம், குஞ்சுகளின் வீடு எல்லாம் அதுதான். வேலம்பாசி ஒரு கைப்பிடி, வாலிஸ்நேரியா ஏழெட்டுக் கன்று, ஜாவா மாஸ் ஒரு உள்ளங்கை அளவு. மாஸை ஒரு கல்லில் நூலால் கட்டி இறக்குங்கள். வாங்கிய செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கக்கூடும். மீனைக் கொல்லாத அளவும் இறாலைக் கொல்லும். ஒரு வாரம் வாளியில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றிய பிறகே தொட்டியில் நடுங்கள். குளத்திலிருந்து எடுத்த செடியானால் இன்னொரு வேலையும் உண்டு: தும்பியின் இளம்புழு ஒளிந்திருக்கிறதா என்று இலை இலையாகப் பாருங்கள். ஒரே ஒரு தும்பிப் புழு ஒரு மாதத்தில் தொட்டி இறாலைக் காலி செய்துவிடும்.

காய்ந்து பழுப்பான நாட்டுவாதுமை இலை ஒன்றிரண்டும் போடுங்கள். அது மெல்ல மக்கும்போது படியும் படலம் இறாலுக்கு விருந்து. பச்சை இலை கூடாது.

மூடி கட்டாயம். தண்ணீர் விளிம்புக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே நிற்கட்டும். இறால் டியூபைப் பிடித்து ஏறி வெளியேறும், சிறுமீன் விரல் நுழையும் சந்திலும் துள்ளிப்போகும்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஏர் பம்போடு 24 மணி நேரம் வைத்தால் குளோரின் பறந்துவிடும். குளோரமின் சேர்த்த தண்ணீர் அப்படிப் போகாது. அதற்குக் குளோரின் நீக்கும் மருந்து வேண்டும். எது கலந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் மருந்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

போர் தண்ணீர் பல இடங்களில் மிகக் கடினமாக இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரோ வெறுமையாக இருக்கும். அதில் கால்சியமும் மக்னீசியமும் இல்லாததால் இறாலால் புது ஓட்டை உருவாக்க முடியாது. இரண்டையும் கலப்பதே வழி. தண்ணீரில் கரைந்துள்ளவற்றின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் 800, ஆர்.ஓ. 30 என்று காட்டினால், இரண்டு பங்கு போருக்கு ஐந்து பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் 250 வரும். 150 முதல் 300 வரை நாட்டு இறாலுக்கு ஒத்துப்போகும். டி.டி.எஸ். என்பது கரைந்த எல்லாவற்றின் கூட்டு எண், கடினத்தன்மை அல்ல. அதனால் ஒருமுறையாவது சொட்டு டெஸ்ட் கிட்டில் ஜி.எச். (கடினத்தன்மையின் அளவு) 6 முதல் 10 வரை இருக்கிறதா என்று பாருங்கள். பி.எச். 7 முதல் 7.8 வரை நிலையாக நின்றால் போதும். எண்ணைத் துரத்தி மருந்து ஊற்றாதீர்கள். இறாலைக் கொல்வது எண்ணைவிட எண்ணின் திடீர் மாற்றம்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை தாங்கும். 32 டிகிரியில் 7.3 தான். அதே நேரம் வெப்பத்தில் உயிர்களின் மூச்சுத் தேவை கூடும். கோடையில் ஒரு சிறு மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்போது தண்ணீர் வேகமாக வற்றும். வற்றிய அளவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்குகிறது. போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் டி.டி.எஸ். இரண்டு மடங்காகும்.

ஆறு முதல் எட்டு வாரம் காத்திருங்கள்

புதுத் தொட்டியில் கழிவு அம்மோனியாவாக நிற்கும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உயிர் எதையும் விடாமல், ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியாவைத் தரும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். நைட்ரேட் 20க்குக் கீழே வரும்படி பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டினாலும் இறாலுக்கு அது போதாது. கண்ணாடியில் விரலை வைத்தால் வழவழப்பான மெல்லிய படலம் தட்டுப்பட வேண்டும். கல்லின் மேல் பச்சையோ பழுப்போ படர்ந்திருக்க வேண்டும். காரிடினா நாள் முழுக்கத் தின்பது இந்தப் படலத்தைத்தான். பளிச்சென்று துடைத்த தொட்டியில் அது பட்டினி கிடக்கும். ஆகவே மேலும் இரண்டு வாரம் விடுங்கள். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள், மற்ற மூன்று பக்கமும் பாசியோடு இருக்கட்டும்.

பிடிப்பதும் தனியே வைப்பதும்

வளர்ப்பவரிடமிருந்து, தொட்டியில் பிறந்த இறால் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பிடிப்பதானால் பூச்சிமருந்து அடிக்கும் வயல்களின் வடிகாலைத் தவிருங்கள். சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியின்றி எந்த உயிரையும் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மற்ற இடங்களிலும் நிலம், நீர்நிலை யாருடைய பொறுப்பு என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். அதிகாலையில், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு மில்லிமீட்டர் கண் வலையால் 15 முதல் 20 வரை பிடித்தால் போதும். வயிற்றில் முட்டை சுமப்பவற்றை அங்கேயே விடுங்கள். எடுத்துவரும் டப்பாவில் ஒரு கொத்துப் பாசி போடுங்கள். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால் வழி முழுதும் நீந்திக் களைத்துச் சாகும்.

வீட்டுக்கு வந்தவுடன் தொட்டியில் விடாதீர்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட 20 லிட்டர் பெட்டியில் இறாலை மூன்று வாரமும் மீனை நான்கு வாரமும் தனித்தனியே வையுங்கள். பார்க்க வேண்டியவை:

தலை ஓட்டின் ஒரு பக்கம் கன்னம் உப்பியது போல வீங்கியிருந்தால், செவுளுக்குள் ஓர் ஒட்டுண்ணி குடியிருக்கிறது. அந்த இறாலைச் சேர்க்காதீர்கள். மூக்கு நுனியில் வெள்ளைப் பஞ்சோ சிறு நூல்களோ தெரிந்தால் உப்புக் குளியல் கேட்கும்: 250 மில்லி தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அயோடின் சேராத உப்பைக் கரைத்து, வலையோடு 30 நொடி முக்கி எடுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீனின் உடலில் வெண்புள்ளியோ, தின்றும் வயிறு ஒட்டிப்போவதோ தெரிந்தால் அந்தப் பெட்டியிலேயே மருத்துவம் செய்யுங்கள். மீன் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. இறால் தொட்டியில் அது ஒரு துளியும் விழக் கூடாது. மருந்து பட்ட வலையும் தொட்டிக்குள் வரக் கூடாது.

தொட்டிக்கு மாற்றும்போது சொட்டு முறை. ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் நொடிக்கு இரண்டு சொட்டாக டப்பாவில் விழச் செய்யுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 350 மில்லி சேரும். முதலிலிருந்த தண்ணீர் 300 மில்லி என்றால் இரண்டு மணி நேரத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். பிறகு இறாலை மட்டும் வலையில் அள்ளி விடுங்கள், டப்பாத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முதல் வாரம் ஒன்றிரண்டு சாவது நடக்கும். தினமும் தொடர்ந்தால்தான் கோளாறு.

மீன் எப்போது, எது?

இறால் இறங்கி இரண்டு மாதம் கழித்து, மாஸுக்குள் குஞ்சுகள் தெரிந்த பிறகு. அடிப்படை விதி எளிது: வாய்க்குள் போகும் எதையும் மீன் தின்னும். குஞ்சு இறால் முற்றிலும் தப்ப வேண்டுமானால் மீனே கூடாது. மாஸ் அடர்ந்திருந்தால் பாதி தப்பும், தொட்டி நிலைபெற அது போதும்.

இறாலுக்கு மிக நல்ல துணை ஹோரடாண்டியா என்னும் சிறுமீன். இலங்கையிலும் கேரளத்திலும் வாழும் இது முழு வளர்ச்சியிலும் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. எட்டுப் பத்தாக விடுங்கள். அடுத்தது அயிரை. தரையில் மணலை வாயில் எடுத்துச் செவுள் வழியே வடிக்கும் அழகுக்காகவே ஐந்து அயிரை வளர்க்கலாம். மணல் கூர்மையாக இருந்தால் அதன் மீசை தேய்ந்துபோகும், நுண்மணல் போடுங்கள். பான்சாக்ஸ் நீரின் மேற்பரப்பிலேயே வாழும், தலை உச்சியில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும். பெரிய இறாலைத் தொடாது, மேலே வரும் குஞ்சைத் தின்னும், நன்றாகத் துள்ளும்.

ஒரு தொட்டிக்கு ஒரே வகை, அல்லது மேலே ஒன்று தரையில் ஒன்று. அதற்கு மேல் 40 லிட்டரில் வேண்டாம்.

ஆரஞ்சு குரோமைடு, குறவை, விரால் குஞ்சு, கெளுத்தி எதுவும் இறாலோடு சேராது. குள்ளப் பேத்தை சிறியதுதான், ஆனால் இறாலின் கண்ணையும் காலையும் கொத்தும். பான்சாக்ஸ் என்று நினைத்துக் கம்பூசியாவைக் கொண்டுவராதீர்கள். கொசுவை ஒழிக்க வட அமெரிக்காவிலிருந்து வந்த மீன் இது. பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கும், குட்டி போட்டுத் தொட்டியை நிரப்பும். தலையில் வெள்ளிப் பொட்டு இருக்காது; பெண்ணின் வயிற்றுப் பின்புறம் கரும்புள்ளி இருக்கும்.

தீனி

தீனி குறைந்து இறால் செத்ததைவிட, மிஞ்சிய தீனி அழுகிச் செத்ததே அதிகம். படலம் நன்றாக இருந்தால் இருபது இறாலுக்கு வாரம் இரண்டு முறை போதும்: கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த கீரை இலை ஒன்று, அல்லது வெள்ளரித் துண்டு. ஆறு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். மீனுக்குத் தினமும் ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் முடியும் அளவு பொடித்த தீனி. காட்டு மீன் முதலில் உலர்தீனியைத் தீண்டாது. ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையை வாங்கிப் பொரிக்கவைத்துக் கொடுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, 28 டிகிரி, கீழிருந்து காற்று. 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் பொரியும். உப்பு நீரை வடித்துவிட்டு ஊட்டுங்கள். உயிர்த்தீனியோடு பொடியையும் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கலாம்.

வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். புதிய தண்ணீர் மெல்லிய டியூப் வழியே மெதுவாக இறங்கட்டும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் பாக்டீரியா போய்விடும்.

தோலுரிப்பும் முட்டையும்

ஒரு காலையில் தரையில் அசையாத ஓர் இறால் கிடக்கும். பதறாதீர்கள், முதலில் உற்றுப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக, உள்ளே வெறுமையாக, முதுகில் பிளவோடு இருந்தால் அது கழற்றிப்போட்ட ஓடு. எடுக்காதீர்கள், அதிலுள்ள கால்சியத்தை மற்ற இறால்கள் தின்று திரும்பப் பெறும். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் செத்த இறால், உடனே எடுங்கள்.

தலை ஓடும் வயிறும் சேரும் இடத்தில் முழு வட்டமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் தோலுரிப்பு தவறிவிட்டது. முதுகில் மட்டும் பிளக்க வேண்டிய ஓடு சுற்றிலும் விண்டு, இறால் வெளியே வர முடியாமல் சாகிறது. காரணம் இரண்டில் ஒன்று: தாதுப் பற்றாக்குறை, அல்லது ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் மாற்றியது. ஜி.எச். சோதியுங்கள், மாற்றும் அளவைக் குறையுங்கள். அந்த ஒன்றைக் காப்பாற்ற முடியாது.

பெண்ணின் கழுத்துக்குப் பின்னே மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு திட்டு தெரிந்தால் முட்டை உருவாகிறது. அடுத்த தோலுரிப்பு முடிந்ததும் ஆண்கள் தொட்டி முழுதும் தறிகெட்டு நீந்தித் தேடும். பிறகு முட்டைகள் வயிற்றடியில் ஒட்டியிருக்கும். மூன்று நான்கு வாரம் கால்களால் விசிறிக்கொண்டே சுமக்கும்.

இங்கேதான் எந்த இனம் என்பது முடிவாகிறது. எண்ணிவிடும் அளவுக்குச் சில பத்துப் பெரிய முட்டைகள் என்றால், அவை பொரியும்போதே சின்னஞ்சிறு இறாலாக வரும்; தொட்டியிலேயே பெருகும். நூற்றுக்கணக்கில் பொடி முட்டைகள் என்றால், வருவது மிதக்கும் இளம்புழு. காரிடினா கிராசிலிரோஸ்ட்ரிஸ் என்னும் செம்மூக்கு இறால் இந்த வகை. அதன் புழு வளர உவர்நீரும் நுண்பாசியும் வேண்டும், நன்னீர்த் தொட்டியில் சில நாளில் செத்துவிடும். முட்டை சுமக்கிறது, குஞ்சு வரவில்லை என்று ஏங்குவோர் முதலில் முட்டையின் அளவைப் பாருங்கள்.

எது கெடும், ஏன்?

எல்லா இறாலும் மேற்பரப்புக்கோ டியூபுக்கோ ஏறிக்கொண்டால் ஆக்சிஜன் குறைவு அல்லது அம்மோனியா. காற்றைக் கூட்டுங்கள், சோதியுங்கள், 20 சதவீதம் மாற்றுங்கள். மின்வெட்டு நீளும் இடத்தில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

தண்ணீர் மாற்றிய சில நிமிடத்தில் வெறிபிடித்தாற்போல் சுற்றி நீந்தினால் புதிய தண்ணீரில் குளோரினோ வேறு நஞ்சோ இருக்கிறது. குளோரின் நீக்கியை உடனே சேருங்கள்.

நேற்று வரை நன்றாக இருந்த தொட்டியில் ஓரிரவில் இறால் எல்லாம் பக்கவாட்டில் விழுந்து துடித்து, மீன் ஓரளவு தப்பியிருந்தால், அறையில் கொசுவிரட்டித் திரவமோ பூச்சி ஸ்பிரேயோ பயன்படுத்தினீர்களா என்று பாருங்கள். அவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு பூச்சிக்கும் இறாலுக்கும் ஒன்றுபோலவே வேலை செய்யும். ஏர் பம்ப் அந்த அறையின் காற்றைத்தான் இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் மருந்தடிக்கும் நாளில் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, அறையை நன்றாகக் காற்றாடவிட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் ஓட்டுங்கள்.

கண்ணாடியில் முக்கோணத் தலையோடு வழுக்கிச் செல்லும் வெள்ளைத் தட்டைப்புழு பிளனேரியா. குஞ்சு இறாலைத் தின்னும். தீனி அதிகமாகிறது என்பதற்கு அதுவே சாட்சி. முதலில் தீனியை நிறுத்துங்கள், இரவில் ஒரு சிறு குப்பியில் தீனி வைத்துப் பொறி போட்டு எடுங்கள்.

பெருகிய பிறகு

ஓர் ஆண்டில் இருபது இறால் இருநூறாகலாம். மிஞ்சியதைக் குளத்தில் விட்டுவிடத் தோன்றும். அங்கிருந்து வந்ததுதானே என்றாலும் விடக் கூடாது. தொட்டியில் பிற இடத்து மீன், செடியிடமிருந்து தொற்றிய கிருமியை அது அந்தக் குளத்துக்குள் கொண்டுபோகும். தண்ணீர் மாற்றும்போது வரும் செடித் துண்டுகளையும் வாய்க்காலில் போடாமல் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இறாலைக் கொடுங்கள்: ஒரு லிட்டர் பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி காற்று, பிடித்துக்கொள்ள ஒரு கொத்து மாஸ், பத்து இறால். முந்தைய நாள் தீனி வேண்டாம். கூடவே உங்கள் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீர் ஒரு குப்பியும் கொடுத்துவிடுங்கள், அவர் தொட்டியில் பாக்டீரியா சீக்கிரம் குடியேறும்.